பிழை கையிலா, துவக்கிலா? ஜோன் பிரௌனிங் என்ற கொல்லனின் கதை

துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கட தலைமுறைக்கு வயிறு கலங்கும். சோதனைச்சாவடி, சுற்றிவளைப்பு, நடுச்சாமத்தில் நாய் குரைக்கிற சத்தம் எல்லாம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். அதை விட்டு ஓடித்தான் இந்தக் குளிருக்குள் வந்து விழுந்தோம். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது வேறு. கோல்ஃப் மட்டை மாதிரி, ஹொக்கி மட்டை மாதிரி அதுவும் ஒரு விளையாட்டுச் சாமான். இது சரியா பிழையா என்று இந்தக் கட்டுரையில் நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

என் அக்காவின் மகன் புரோசார்ட்டில் பிறந்து வளர்ந்தவன். முறையாகப் படித்து, உரிமம் எடுத்து, கழகத்தில் சேர்ந்து, குறிபார்த்துச் சுடப் பழகுகிறான். 2022 கோடையில் புதிதாக ஒரு தானியங்கிப் பிஸ்ரல் வாங்கினான். அந்த வருடம் ஒக்டோபர் 21இல் கனடா அரசு கைத்துப்பாக்கி விற்பனையை முடக்கிவிட்டது. ஆகவே பிடிக்கவில்லை என்று வேறொன்று வாங்க அவனுக்கு வழியில்லை. அந்தப் புதுப் பிஸ்ரல் முதல் நாளிலிருந்தே சிக்கத் தொடங்கியது. நாலைந்து ரவை போகும், பிறகு வெற்றுக்கோது வாயில் நிமிர்ந்து நிற்கும். விற்ற கடையில் கேட்டால் அவன் கைப்பிடி பிழையாம். தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினால் ரவை பிழையாம். துவக்கில் பிழை இருக்கலாம் என்று ஒருவருமே சொல்லவில்லை. முப்பது வருடமாக லேத்திலும் மில்லிங் இயந்திரத்திலும் உலோகம் வெட்டிச் சம்பளம் வாங்கியவன் நான். மாமா, நீங்கள் ஒருக்கால் பாருங்கோ என்று வந்து நின்றான்.

அந்தச் சிக்கலை விளங்கிக்கொள்ளப் போய்த்தான் நான் ஜோன் மோசஸ் பிரௌனிங்கைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். இன்றைக்கு உலகத்தில் உள்ள தானியங்கிப் பிஸ்ரல்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இந்த மனிதரின் பட்டறையிலிருந்து வந்தவைதான். எங்களுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1911 ஜூன் 17ஆம் திகதி மணியாச்சி ரயில் நிலையத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதன், திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்ரலால். பிறகு அதே பிஸ்ரலைத் தன் வாயில் வைத்துச் சுட்டு இறந்தான். அப்போது அவனுக்கு 25 வயது. அதைச் சுடுவதற்குப் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் அவனைப் பழக்கினார் என்பார்கள். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் வாஞ்சியின் பெயர் உண்டு, அந்த இரும்பைச் செய்தவன் பெயர் இல்லை.

பிரௌனிங் பிறந்தது 1855 ஜனவரி 23, அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்தில் ஒக்டன் என்ற சிற்றூரில். தகப்பன் ஜோனதன் பிரௌனிங்கும் துவக்குக் கொல்லர்தான். மோர்மன் சமயத்தவர். சமயப் பகையால் ஊர் ஊராக விரட்டப்பட்டு, கடைசியில் அந்தப் பாலைவன ஓரத்தில் வந்து குடியேறிய கூட்டத்தில் ஒருவர். மூன்று மனைவியரும் 22 பிள்ளைகளும் அவருக்கு. அகதியாக வந்து புது ஊரில் கடை போட்ட தகப்பனின் பட்டறையில் வளர்ந்த பிள்ளை என்று சொன்னால் எங்கட ஆக்களுக்கு உடனே விளங்கும். அந்தக் கடையில் துவக்கு மட்டுமில்லை, கலப்பை, வண்டிச் சக்கரம், சட்டி பானை எல்லாம் திருத்த வரும். மூலையில் பழைய இரும்புக் குவியல் ஒன்று எப்போதும் கிடக்கும். பத்து வயதில் அந்தக் குவியலில் கிடந்த உடைந்த குழலையும் ஒரு மரத்துண்டையும் சேர்த்துத் தன் முதல் துவக்கைச் செய்தான் என்று குடும்பத்தில் சொல்வார்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்: அவர் கண்டுபிடிப்பாளராகத் தொடங்கவில்லை. திருத்துபவராகத் தொடங்கினார். மற்றவர் செய்த துவக்குகள் எங்கே உடைகின்றன, எங்கே தேய்கின்றன, எந்த உறுப்பைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார்கள் என்பதெல்லாம் இருபது வயதுக்குள் அவருடைய விரலுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் திருத்தக் கொண்டுவந்த ஒற்றைச்சூட்டுத் துவக்கைப் பார்த்து அலுத்துப்போய், இதைவிட நன்றாக நானே செய்வேன் என்று இறங்கினார் என்பது கதை. 1879 ஒக்டோபர் 7இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே வருடம் தகப்பன் காலமானார். தம்பிமாரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சின்னத் தொழிற்சாலை போட்டு, அறுநூறு துவக்குகள் அளவில் செய்து விற்றார்கள். அதில் ஒன்று எப்படியோ வின்செஸ்டர் நிறுவனத்தின் கையில் சிக்கியது. 1883இல் அதன் முகாமையாளர் பென்னட் நேரே ரயிலேறி ஒக்டனுக்கு வந்து 8,000 டொலருக்கு உரிமையை வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு 19 வருடம் வின்செஸ்டருக்கு அவர் செய்து கொடுத்த துவக்குகளை எண்ணி முடியாது. நடுவில் 1887இல் சமயப் பணிக்கு ஜோர்ஜியா போய் இரண்டு வருடம் துவக்கே தொடாமல் இருந்ததும் உண்டு. வரைபடம் போடுகிற பழக்கம் அவருக்கு அதிகம் இல்லை. மனதில் பார்த்ததை நேரே இரும்பில் வெட்டுவார். தம்பி எட் பக்கத்தில் நின்று அரத்தால் ராவிக் கொடுப்பார். பிறகு மாதிரியைச் சுட்டுப் பார்ப்பார், சிக்கினால் திரும்பவும் அரம். இன்றைய கணினி வரைபடக்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1889இல் நடந்தது பெரிய திருப்பம். சதுப்பு நிலத்தில் நண்பர்களோடு சுட்டுக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு வெடிக்கும் துவக்கு வாயின் முன்னால் இருந்த புல் படுத்து எழும்புவதைக் கண்டார். அந்தக் காற்று வீணாகத்தானே போகிறது என்று யோசித்து, பட்டறைக்கு வந்து, நடுவில் ஓட்டை போட்ட ஒரு இரும்புத் துண்டைக் குழல் வாயில் வைத்துச் சுட்டுப் பார்த்தார். ரவை ஓட்டைக்குள்ளால் போனது, இரும்புத் துண்டு பறந்தது. அந்த வலுவை வைத்தே துவக்கைத் தானாக வேலை செய்யப் பண்ணலாம் என்று தெரிந்தது. அதிலிருந்து 1895இல் கோல்ட் நிறுவனத்தின் இயந்திரத் துப்பாக்கி வந்தது. பிஸ்ரலுக்கு அவர் வேறு வழி எடுத்தார். வெடிக்கும்போது பின்னால் உதைக்கிறதே, அந்த உதையையே வேலைக்கு வைத்தார்.

இந்த இடத்தில் பிஸ்ரல் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் சிக்கல் விளங்காது. மேலே மூடி மாதிரி இருக்கிற கனத்த உறையைச் சிலைட் என்பார்கள். ரவை வெடித்ததும் சிலைட் பின்னால் ஓடும். ஓடும்போது அதிலுள்ள சின்னக் கொக்கி வெற்றுக்கோதின் விளிம்பைப் பிடித்து இழுக்கும். பின்னால் ஒரு முனை கோதைத் தட்டி வெளியே எறியும். பிறகு சுருள்வில் சிலைட்டை முன்னால் தள்ளும். போகிற போக்கில் கீழே மகசினில் காத்திருக்கிற அடுத்த ரவையைத் தள்ளிக் குழலுக்குள் ஏற்றும். கண் இமைக்கிற நேரத்துக்குள் இத்தனையும் நடக்கவேண்டும். ரவையில் மருந்து கொஞ்சம் குறைந்தாலோ, வில் கொஞ்சம் கடுமையானாலோ, கொக்கி மயிரளவு தேய்ந்தாலோ, எங்கோ ஒரு இடத்தில் நின்றுவிடும். 1897 ஏப்ரலில் பிரௌனிங்குக்கு ஒரே நாளில் பிஸ்ரல் காப்புரிமைகள் நான்கு கிடைத்தன. அதற்குப் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் அந்த வழியிலேயே நடந்தார்கள்.

வின்செஸ்டரோடு உறவு 1902இல் முறிந்தது. தானியங்கி வேட்டைத் துவக்கு ஒன்றுக்கு, மொத்தமாகக் காசு வேண்டாம், விற்கிற ஒவ்வொன்றுக்கும் பங்கு தா என்று கேட்டார். பென்னட் மறுத்தார். அடுத்ததாக ரெமிங்டன் நிறுவனத்துக்குப் போய்த் தலைவரைப் பார்க்கக் காத்திருந்தபோது, அந்தத் தலைவர் மாரடைப்பால் இறந்துபோன செய்தி வந்தது. கப்பல் ஏறிப் பெல்ஜியம் போய்விட்டார். லியேஜ் நகருக்குப் பக்கத்தில் ஹெர்ஸ்டாலில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை ஏற்கனவே அவருடைய 7.65 மில்லிமீற்றர் பிஸ்ரலைச் செய்துகொண்டிருந்தது. ஐரோப்பா முழுக்க அது பரவி, பிரெஞ்சுப் பேச்சில் பிரௌனிங் என்றாலே பிஸ்ரல் என்ற அளவுக்கு அவருடைய பெயர் பொதுச்சொல் ஆனது. மணியாச்சிக்கு வந்து சேர்ந்த பிஸ்ரலின் பிறப்பிடமும் பெல்ஜியம்தான். 1914 ஜூனில் சரயேவோவில் இளவரசரைச் சுட்டு உலகப் போருக்குத் திரி வைத்த பிஸ்ரலும் அவர் வடிவமைத்து ஹெர்ஸ்டாலில் செய்ததுதான். இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நல்ல வேலைக்காரனின் கைப்பொருள் அவன் கண்டே இராத ஊர்களில் என்னென்ன செய்கிறது!

இனி அந்தப் புகழ்பெற்ற சோதனை. அமெரிக்க இராணுவம் .45 அங்குல விட்டத்தில் ஒரு தானியங்கிப் பிஸ்ரல் கேட்டு 1907இலிருந்து சோதித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பிரௌனிங்கின் கோல்ட்டும் சவேஜ் என்ற நிறுவனத்தின் பிஸ்ரலும் மிஞ்சின. இரண்டும் முதல் சோதனைகளில் சிக்கின, உடைந்தன. பிரௌனிங் என்ன செய்தார் என்பதுதான் விஷயம். ரவையைக் குறை சொல்லவில்லை, சிப்பாயின் கையைக் குறை சொல்லவில்லை. பழைய மாதிரியில் குழலை இரண்டு இணைப்புத் துண்டுகள் முன்னும் பின்னுமாகத் தாங்கின. அதை ஒன்றாகக் குறைத்தார். கைப்பிடியின் சாய்வை மாற்றினார். குதிரைப்படைக்காரர் கேட்டபடி பெருவிரலால் போடுகிற பூட்டு ஒன்றைச் சேர்த்தார். ஹார்ட்ஃபோர்டில் கோல்ட் தொழிற்சாலைக்கே போய், சோதனைக்கான பிஸ்ரலின் உறுப்புகள் தயாராவதை நேரில் நின்று பார்த்தார் என்பார்கள். எங்கட புரோசார்ட்டிலிருந்து எல்லை தாண்டி ஏறக்குறைய ஐந்து மணித்தியால ஓட்டம்தான் ஹார்ட்ஃபோர்ட்.

1911 மார்ச்சில் கடைசிச் சோதனை. இரண்டு நாளில் 6,000 ரவைகள். சூடு தாங்காமல் போனால் பிஸ்ரலைத் தண்ணீரில் முக்கி எடுத்துத் திரும்பவும் சுடுவார்கள். பிறகு வேண்டுமென்றே நசுங்கிய ரவைகளைப் போட்டார்கள், அமிலத்தால் துருப்பிடிக்க வைத்தார்கள், மணலிலும் சேற்றிலும் புதைத்தார்கள். சவேஜ் 37 தடவை சிக்கியது. பிரௌனிங்குடையது ஒரு தடவைகூட இல்லை. மார்ச் 29இல் இராணுவம் அதை ஏற்றது. 1985 வரை அமெரிக்கப் படையின் பிஸ்ரல் அதுதான். மூன்று மாதம் கழித்து ஜூனில் மணியாச்சி. ஒரே வருடம், ஒரே கொல்லன்.

இதன் மறுபக்கம் எங்கட கியூபெக்கிலேயே இருக்கிறது. இங்கேயுள்ள தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கியூபெக் நகரம் போய் ஆபிரகாம் சமவெளியில் படம் எடுத்திருப்பார்கள். அந்தச் சமவெளியில்தான் சார்ல்ஸ் ரொஸ் என்ற ஸ்கொட்லாந்துப் பிரபு துவக்குத் தொழிற்சாலை நடத்தினார். ரொஸ் ரைபிள் குறிக்கு மிக நேர்த்தியானது, போட்டிகளில் பரிசு வாங்கியது. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஈப்ரஸ் போர்முனையில், நச்சுவாயு வந்துகொண்டிருக்க, கனடியச் சிப்பாய்கள் அந்தத் துவக்கின் தாழ்ப்பாளைக் காலால் மிதித்துத் திறக்கவேண்டி வந்தது. ரவை அறை இறுக்கமாக வெட்டப்பட்டிருந்தது, பிரித்தானிய ரவைகள் அளவில் கொஞ்சம் பெரிது, அத்தோடு சேறு. இன்னொரு பிழையும் இருந்தது: தாழ்ப்பாளை நிறுத்துகிற துண்டு ஒவ்வொரு முறையும் பூட்டுப் பல்லில் மோதி அதை நசுக்கியது. எத்தனையோ பேர் தங்கள் துவக்கை எறிந்துவிட்டு, செத்துக்கிடந்த பிரித்தானியரின் லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள்.

ரொஸ் கடைசிவரை ரவைதான் பிழை என்று நின்றார். அமைச்சர் சாம் ஹியூஸ் அவர் பக்கம் நின்றார். துவக்கைக் குறை சொன்ன படைத் தளபதி அல்டர்சன் பதவி இழந்தார். ரவை அறையைக் கொஞ்சம் பெரிதாக்கினார்கள், ஆனால் காலம் கடந்துவிட்டது. 1916இல் முன்னணிப் படையிடமிருந்து ரொஸ் திரும்பப் பெறப்பட்டது, அடுத்த வருடம் தொழிற்சாலையையே அரசு எடுத்துக்கொண்டது. ரவையும் உண்மையில் சரியில்லைத்தான், ரொஸ் சொன்னது முழுப்பொய் இல்லை. ஆனால் போர்முனைக்கு வரப்போகிற ரவை எதுவோ அதற்குத்தானே துவக்கு செய்யவேண்டும்? தாழ்ப்பாளை மிதித்துக்கொண்டிருந்தவனுக்கு யார் பிழை என்ற வழக்கால் என்ன பிரயோசனம்?

அதனால்தான் அக்காவின் மகனுக்கு நான் முதலில் ஒரு சின்னக் கொப்பி வாங்கிக் கொடுத்தேன். யாரையும் குறை சொல்லாதே, உன்னையும் சொல்லாதே, எழுது என்றேன். எந்த மகசின், எந்த ரவை, எத்தனையாவது சூட்டில், எப்படிச் சிக்கியது. மகசின்களுக்கு 1, 2 என்று மையால் இலக்கம் போடவைத்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது என்றேன். பட்டறையில் எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் இதுதான் முறை.

தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுப் பிஸ்ரல் முதல் இருநூறு முந்நூறு ரவை வரை கொஞ்சம் முரண்டு பிடிப்பது வழமை. வில் கடுமையாக இருக்கும், உரசுகிற இடங்கள் பழகியிருக்காது. தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் பூசி அனுப்புகிற பிசுபிசுப்பைத் துடைக்காமல் சுடுகிறவர்கள் பாதிப் பேர், எங்கட ஜனவரிக் குளிரில் காரில் இருந்து வந்த சாமானில் அது மெழுகு மாதிரி இறுகிப்போயிருக்கும். கோது நிமிர்ந்து நின்றால் பலவீனமான ரவையாக இருக்கலாம், மணிக்கட்டுத் தளர்ந்து சிலைட் முழுதாக ஓடாமல் போயிருக்கலாம். கடைக்காரர் சொன்னதும் அதைத்தான், அது நடக்காத விஷயம் அல்ல. புது ரவை மூக்கு முட்டி நின்றால் முதலில் மகசினைச் சந்தேகப்படவேண்டும். அதன் மேல் உதடுகள் அரை மில்லிமீற்றர் வளைந்தாலே போதும். கோது உள்ளேயே தங்கி, பின்னால் அடுத்த ரவையும் வந்து முட்டினால், ரவை அறையில் அழுக்கு அல்லது கொக்கியில் பிழை.

இரண்டு விஷயத்தில் விளையாட்டு இல்லை. விசையை இழுத்து வெடிக்காவிட்டால், குழலைக் குறிப்பக்கமே வைத்துக்கொண்டு ஆகக்குறைந்தது முப்பது வினாடி பொறுக்கவேண்டும், சில ரவைகள் பிந்தி வெடிக்கும். வழமையான சத்தம் இல்லாமல் மெல்லிசாகப் புஸ் என்று கேட்டால் அடுத்த சூடு கூடவே கூடாது. சன்னம் குழலுக்குள் நின்றிருக்கலாம். அப்படியே வைத்துவிட்டுக் கழகத்துப் பொறுப்பாளரைக் கூப்பிடவேண்டும். அதோடு, யூரியூப் பார்த்துவிட்டு வீட்டில் அரம் எடுத்துக் கொக்கியை ராவுகிற வேலை வேண்டவே வேண்டாம். பிரௌனிங் ராவினார்தான், ஆனால் அவர் பிரௌனிங்.

நாலு கிழமைக்குப் பிறகு கொப்பியைப் பார்த்தோம். 11 தடவை சிக்கியதில் 9 தடவை இரண்டாம் இலக்க மகசின். ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஒரு பக்க உதடு உள்ளே சாய்ந்திருந்தது. அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியதும் நிறுவனம் ஒன்றும் பேசாமல் வேறு மகசின் அனுப்பியது. மற்ற இரண்டும் அவன் கைதான். அதையும் மறைக்காமல் கொப்பியில் எழுதியிருந்தான்.

பிரௌனிங்கின் கடைசிக் காலத்துக்கு வருகிறேன். 1917இல் அமெரிக்கா போருக்குள் போனபோது அவருடைய இயந்திரத் துப்பாக்கியைச் சோதித்தார்கள். 20,000 ரவை தடங்கலில்லாமல் போனது. நம்பாதவர்களுக்காக இன்னொன்றைக் கொண்டுவந்தார், அது 48 நிமிடத்துக்கு மேல் விடாமல் சுட்டது. உரிமைகளுக்காக அரசு கொடுத்த 7,50,000 டொலரைப் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் பங்கு என்று கேட்டிருந்தால் பல மடங்கு கிடைத்திருக்கும். பென்னட்டிடம் பங்குக்காகச் சண்டை பிடித்த அதே மனிதர். மகன் வால், தகப்பன் செய்த துவக்குகளோடு பிரான்சுக்குப் போருக்குப் போனான்.

அந்தத் துவக்குகள் கொன்றவர்களின் கணக்கு அவர் மனதில் இருந்ததா என்பதற்கு அவர் வாழ்க்கையில் எனக்கு விடை கிடைக்கவில்லை. அது எனக்குக் குறையாகவே படுகிறது. 128 காப்புரிமை எடுத்தவரை மேதை என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்கட ஊரில் அந்த மேதைமையின் மறுமுனையில் நின்ற குடும்பங்கள் உண்டு.

1926 நவம்பர் 26. ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில் ஒரு புதிய பிஸ்ரலோடு மாரடித்துக்கொண்டிருந்தார். பதின்மூன்று ரவை கொள்ளுகிற ஒன்பது மில்லிமீற்றர் பிஸ்ரல். நெஞ்சு வலி என்று மகனின் வேலையறையில் படுத்தவர் எழும்பவில்லை. வயது 71. காப்புரிமை மூன்று மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அவர் விட்ட இடத்திலிருந்து டியுடொனே செவ் என்ற பெல்ஜியர் எட்டு ஒன்பது வருடம் இழைத்து, 1935இல் ஹை பவர் என்ற பெயரில் வெளியே கொண்டுவந்தார். பல இடங்களில் அது பிரௌனிங் போட்ட வழியே இல்லை, செவ்வின் வழி. ஆனாலும் பெயர் பிரௌனிங்குடையது.

1940இல் ஜெர்மனியர் பெல்ஜியத்தைப் பிடித்ததும் செவ் இங்கிலாந்துக்குத் தப்பினார். அந்தப் பிஸ்ரலைச் செய்யும் பொறுப்பு ரொறன்ரோவுக்கு வந்தது. இங்கிலிஸ் என்ற பெயரைச் சலவை இயந்திரத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த நிறுவனம்தான், இன்றைக்கு லிபேர்ட்டி வில்லேஜ் என்று அடுக்குமாடிகள் நிற்கிற பகுதிக்குப் பக்கத்தில், ஸ்ட்ரான் அவெனியூவில், 1944இலும் 45இலும் ஒன்றரை இலட்சம் அளவில் செய்தது. முதலில் சீனாவுக்காக, பிறகு கனடியப் படைக்கும். அதே கனடிய மாதிரியைப் பார்த்து இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலை செய்த பிஸ்ரல் இந்திய இராணுவத்திலும் பொலிஸிலும் நெடுங்காலம் இருந்தது. எங்கட வயதுக்காரர் சிலர் அதை இடுப்பு உறையில் கிட்ட நின்று பார்த்திருக்கவும் கூடும். கனடிய இராணுவமோ போர் முடிந்த பிறகு புதிதாக வாங்கவில்லை. ரொறன்ரோவில் செய்த அந்தப் பிஸ்ரல்களையே ஒன்றின் உறுப்பை மற்றதில் போட்டு, வில் மாற்றி, கொக்கி மாற்றித் திருத்தித் திருத்திப் பாவித்தது. மாற்றுப் பிஸ்ரலுக்கு ஒட்டாவா ஒப்பந்தம் போட்டது 2022இல்தான்.